வலது பக்கம் மட்டும்

கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கும் அறைக்குள் வீடியோ எடுக்க என்னைத்தான் அனுப்புவார்கள். நான் நன்றாக எடுப்பேன் என்பதற்காக அல்ல. யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்பதற்காக.

தென்காசியில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் மூன்று பேர் இருந்தோம். முதலாளி, நான், லைட் பிடிக்கிற அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு வாய் ஓயாது. கல்யாண வீட்டுப் பெண்கள் தயங்கினால் அவர் முன்னால் போய், "எங்க ஆளு பொம்பளையளப் பாத்தா அவன்தான் முக்காடு போடுவான். நீங்க ஒண்ணும் பயப்படாதிய" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் கேமராவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். நான் எல்லோரையும் பார்க்கலாம், என் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

அதற்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "போட்டோ வேணுமா" என்று கேட்க எனக்கு வாய் வராது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அருவிக்கரையில் சும்மா நிற்பேன். தேவைப்பட்டவர்கள் அவர்களாகவே கூப்பிட்டால் உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வேறு என்ன வேலைக்குப் போவது என்றும் தெரியவில்லை. எண்பதுகளில் முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வீடியோ கேமரா கொண்டுவந்தார். அதைத் தோளில் வைக்க முதலாளிக்கு முதுகுவலி இடம் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமரா தோளில் இருக்கும். அதிலிருந்து ஒரு தடித்த வயர், இடுப்புப் பக்கம் பையில் தொங்கும் ரெக்கார்டருக்குப் போகும். கேசட் அதற்குள் ஓடும். கேமராவில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினால் பதிவாகும். மறுபடி அழுத்தினால் நிற்கும். இரண்டுக்கும் ஒரே பொத்தான்தான். கண்ணை வைத்துப் பார்க்கும் குழலுக்குள் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவாகிறது என்று அர்த்தம். எங்கள் கேமராவில் அந்த விளக்கு போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மதுரைக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். "கல்யாண மாசம் முடியட்டும்லே. அதுவரைக்கும் மனசுல கணக்கு வச்சுக்க" என்றார் முதலாளி. நானும் மனசுக்குள்ளேயே ஓட்டம், நிறுத்தம், ஓட்டம், நிறுத்தம் என்று சொல்லிக்கொண்டு ஏழெட்டுக் கல்யாணம் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு பாய் வந்தார். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமா. கடைக்குள் வந்து முதலாளியிடம் பேசிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கதான உள்ள வந்து எடுக்கப் போறிய?"

"ஆமா பாய்."

"பொண்ணோட வாப்பா அரபு நாட்டுல இருக்காவ. எனக்கு மச்சான். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கல. இந்தக் கேசட்டே அவுகளுக்காகத்தான். அதுல ஒரு விசயம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "என் தங்கச்சிக்கு மூணு மாசத்துக்கு முன்ன பக்கவாதம் வந்துட்டு. இடது பக்கம் விழுந்துட்டு. வாயும் கோணிட்டு. மச்சானுக்கு இன்னும் தெரியாது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரிஞ்சா போட்டது போட்டபடி கிளம்பி வந்துருவாவ. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒண்ணரை வருசம் கிடக்கு. நடுவுல வந்தா திரும்பப் போக முடியாது. இவளுக்கு அடுத்து இன்னொருத்தி இருக்காள்லா? அதனால நீங்க தங்கச்சிய வலது பக்கமா மட்டும் எடுக்கணும். உக்கார வச்சு, நல்லா இருக்கிற மாதிரி. நாலு இடத்துல வந்தாப் போதும்."

அந்த வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. வளைகுடாவில் ஆள் இருந்த வீடுகளில் அப்போது கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம் போகும். கணவருக்குச் சொல்ல வேண்டியதை மனைவி பேசிப் பதிவு செய்து, லீவு முடிந்து அங்கே திரும்பிப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். இந்த அம்மாவும் ஆறு வருடமாக அப்படித்தான் பேசி அனுப்பிக்கொண்டிருந்தாராம். நாக்கு குழறிப்போன பிறகு, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் என்று அண்ணன் எழுதிவிட்டார். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி அங்கிருந்து கடிதம் வந்ததாம். அதற்குப் பதில் எழுதாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வீடியோவில் முகத்தைப் பார்த்துவிட்டால் அந்த மனிதர் சமாதானமாகிவிடுவார் என்பது பாயின் கணக்கு.

கல்யாணத்தன்று நிக்காஹ் பந்தலில் நடந்ததை எல்லாம் நல்லபடியாக எடுத்தேன். பிறகு உள்ளே கூட்டிப்போனார்கள். பெண்கள் இருந்த அறைக்குள் அண்ணாச்சிக்கு அனுமதி இல்லை. அவர் வெளியே முற்றத்தில் நின்று ஜன்னல் வழியாக லைட்டைப் பிடித்தார். கட்டிலுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த பீரோ. கட்டிலின் ஓரத்தில் அந்த அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். இடது தோளுக்கு அடியில் தலையணை. முந்தானையைத் தலைவழியாக இழுத்து, கோணிய பக்கத்தை மறைத்துவிட்டிருந்தார்கள். நான் வலது பக்கமாகப் போய் நின்றேன். அங்கிருந்து பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. நாற்பது வயதுக்குரிய நல்ல முகம்.

முதல் காட்சியை எடுக்கப் பொத்தானை அழுத்தினேன். அப்போது வாசல் பக்கம் நின்ற ஒரு பெண், "ஏட்டி, இந்த அண்ணன் நம்மள எங்க எடுக்காரு? தரையத்தான் படம் பிடிக்குதாரு!" என்று சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விரல் இன்னொரு தடவை பொத்தானில் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. என் மனசில் கணக்கு ஓட்டம் என்று இருந்தது. அங்கே நிறுத்தம்.

அதிலிருந்து எல்லாம் தலைகீழ். மகள் உம்மாவிடம் ஆசி வாங்குவது, சொந்தக்காரப் பெண்கள் அவள் கழுத்தில் கட்டிய கருகமணியைத் தொட்டுப் பார்ப்பது, இனிப்பு ஊட்டுவது, எதுவும் பதிவாகவில்லை. நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக் கேமராவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கடையில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதலில் நிறையக் கால்கள். மருதாணி போட்ட கால்கள், கொலுசுக் கால்கள், பாயில் சிந்திக் கிடந்த நெய்ச்சோறு. அந்தப் பெண் கேலி செய்தபடியே நான் தரையைத்தான் எடுத்திருந்தேன். பிறகு கேமரா சாய்ந்த வாக்கில் கட்டிலைப் பார்த்திருக்கிறது. இரண்டு பெண்கள் அந்த அம்மாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நகர்த்துகிறார்கள். இடது கை தனியாகத் தொங்குகிறது. வாயோரம் வழிவதை மகள் தன் கல்யாணப் பட்டின் முந்தானையாலேயே துடைக்கிறாள். "அழாதீங்க உம்மா. லைட்டு போட்டதும் சிரிக்கணும்" என்கிறாள். அந்த அம்மா என்னவோ சொல்கிறார். நேரில் அதை நான் கவனிக்கவே இல்லை. கேசட்டை மூன்று தடவை பின்னால் ஓட்டிக் கேட்டேன். "அவுகட்ட சொல்லிருங்கட்டி" என்கிறார். குழறினாலும் புரிந்தது. மகள் தலையணையைச் சரி செய்கிறாள்.

முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "அந்த அம்மா வர்ற இடத்தை எல்லாம் விட்டுட்டு மிச்சத்த வேற கேசட்டுல ஏத்திக் குடுத்துரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"பொண்டாட்டி ஒரு இடத்துலகூட இல்லாத கல்யாணத்தப் பாத்தா அந்த மனுசன் என்ன நினைப்பாரு மொதலாளி? செத்துட்டாள்னுல்லா நினைப்பாரு."

அவர் என்னையே பார்த்தார். "நீ இவ்வளவு பேசுவியாலே?" என்றார். பிறகு, "அப்ப நீயே போயி பாய்கிட்டச் சொல்லு" என்று போய்விட்டார்.

போனேன். தெருமுனையில் இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாவது தடவைதான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். விளக்கு போன கதையை, விரல் பட்ட கதையைச் சொன்னேன். உள்ளே பதிவானது என்ன என்பதைச் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னதையும் சொல்லவில்லை. "உள்ள எடுத்தது விழல பாய்" என்று மட்டும் சொன்னேன்.

"யா அல்லா" என்று அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கேசட்டைக் கொண்டுபோகிற ஆள் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார். அதை விட்டால் இரண்டு மாதத்துக்கு ஆள் கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே வழி சொன்னார். வியாழக்கிழமை மறுவீட்டு விருந்து. பெண்ணும் மாப்பிள்ளையும் வருவார்கள். பெண் கல்யாணச் சேலையையே கட்டிக்கொள்ளட்டும், உம்மாவையும் அதேபோல் உட்கார வைக்கலாம், எடுத்துச் சேர்த்துவிட வேண்டியதுதான்.

"இந்தத் தடவை தப்பக் கூடாது தம்பி."

"தப்பாது பாய்."

வியாழக்கிழமை வரை எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அந்தக் குரல் காதிலேயே இருந்தது. பாயிடம் சொல்லியிருக்க வேண்டுமோ? சொன்னால், தங்கச்சி சொன்னது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். கேசட்டைப் போடச் சொல்வார். அடுத்தவர் வீட்டுக் கட்டிலை ஒளிந்திருந்து பார்த்தவன் மாதிரி ஆகிவிடும். இது பயமா, மரியாதையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மதியம் எல்லாம் முன்பு போலவே அமைத்தார்கள். அதே சேலை, அதே தலையணை, அதே ஜன்னலில் அண்ணாச்சியின் லைட். விருந்துக்காரர்களோடு பாய் வெளித் திண்ணைப் பக்கம் இருந்தார். அறையில் அந்த அம்மா, மகள், சமையலுக்கு நடுவில் எட்டிப் பார்க்கிற ஒன்றிரண்டு பெண்கள். நான் இந்தத் தடவை மனக்கணக்கை நம்பவில்லை. ரெக்கார்டரைப் பையிலிருந்து வெளியே எடுத்து எனக்கு முன்னால் முக்காலியில் வைத்துக்கொண்டேன். பதிவாகும்போது அதில் எண்கள் நகரும். ஒவ்வொரு தடவையும் எண்களைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணைக் குழலில் வைத்தேன்.

மூன்று காட்சிகள் ஒழுங்காக வந்தன. மகள் குனிந்து உம்மாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இனிப்பு ஊட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நாலாவதாக உம்மா மட்டும் தனியாக இருக்கட்டும் என்று மகள் தள்ளி நின்றாள். நான் பொத்தானை அழுத்தினேன். எண்கள் நகர்ந்தன.

அந்த அம்மா வலது கையால் சேலைக்கு அடியில் கிடந்த இடது கையைப் பிடித்து எடுத்தார். ஒரு பொருளைத் தூக்கி வைப்பதுபோல மடியில் வைத்தார். தலைமேல் கிடந்த முந்தானையைப் பின்னால் தள்ளினார். பிறகு மெதுவாக, முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினார்.

ஜன்னலில் இருந்த லைட் நேராக முகத்தில் விழுந்தது. இடது கண் மூடவில்லை. அதிலிருந்து நீர் கொட்டியது. கன்னம் தொங்கியது. கேமராவைப் பார்த்து, "இங்கேருங்க" என்றார். கணவரை அப்படித்தான் கூப்பிடுவார் போல. "எனக்கு... இப்படி ஆயிட்டு."

 அண்ணாச்சியிடம் லைட்டைக் கீழே இறக்கச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் என் குரல் கேசட்டில் விழும். வெளியே பாய்க்கும் கேட்கும். அவர் உள்ளே வந்துவிடுவார். லைட் அப்படியே இருந்தது.

"ஓடுதா அண்ணே?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

முதல் தடவையாக அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன். நிறுத்தச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. "ஓடுதும்மா" என்றேன். அவள் உம்மாவை மறைக்கவும் இல்லை, முந்தானையை இழுத்துவிடவும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அந்த அம்மா கேமராவை பார்த்துக்கொண்டே இருந்தார். எண்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. வாசலிலிருந்து, "முடிஞ்சிட்டா தம்பி?" என்று பாயின் குரல் வந்தது. பொத்தானை அழுத்தினேன். மகள் ஓடிவந்து முந்தானையைத் தலைமேல் போட்டாள்.

"முடிஞ்சிட்டு பாய்."

சாயங்காலம் கடையில் கேசட் ஓட்டும் டெக்குகள் இரண்டை வைத்து, பந்தலில் எடுத்ததையும் அன்று எடுத்ததையும் ஒரே கேசட்டில் ஏற்றினேன். நாலாவது காட்சி வந்தபோது என் விரல் டெக்கின் பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்தினால் அவ்வளவுதான், அது கேசட்டில் இராது. மூன்று நல்ல காட்சிகள் போதும். பாய் கேட்டதும் அவ்வளவுதான். அழுத்தவில்லை. யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

பாய் வீட்டில் டெக் கிடையாது. கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "எல்லாம் நல்லா வந்துருக்கா?" என்று கேட்டார்.

"வந்துருக்கு பாய்."

"தங்கச்சி?"

"அவுகளும் நல்லா வந்துருக்காவ."

என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஐம்பது நாள் இருக்கும். பாய் கடைக்கு வந்தார். படியேறும்போதே தெரிந்துவிட்டது. மச்சான் வந்துவிட்டார். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, கையில் ஒரே ஒரு பையோடு.

"வாயில்லாதவன்னு நம்பித்தானலே வீட்டுக்குள்ள விட்டேன்" என்றார். அதுவரை தம்பி என்றே கூப்பிட்டவர். "பொம்பளைய இருக்கிற இடத்துக்குள்ள விட்டேன்லா? ஒரு குடும்பத்தையே கவுத்துட்டியேலே. நல்லா வந்துருக்காவன்னு என் முகத்தப் பாத்துச் சொன்னியேலே!"

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதைச் சொல்ல அப்போது இடமில்லை. உங்கள் தங்கச்சிதான் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கோபம் அப்படியே கட்டிலுக்குப் போகும். எனக்குப் பதிலாக அந்த அம்மா ஏச்சு வாங்குவார். அதனால் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் வாய் வரவில்லையோ என்னவோ.

"கை வலிக்க வலிக்க வெளிய நின்னு லைட்டப் பிடிச்சேன். எனக்கும் சேத்துல்லாலே ஏச்சு வாங்கிக் குடுத்துட்ட" என்றார் அண்ணாச்சி. மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்போம். முதலாளி அன்று கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவிலிருந்து கல்யாணத்துக்குக் கூப்பிட யாரும் வராமல் இரண்டு மாதம் போன பிறகு, "கொஞ்ச நாளைக்கு நீ உள்ள எடுக்க வேண்டாம்லே" என்றார். கொஞ்ச நாள் என்பது முடியவில்லை. அடுத்த சாரல் தொடங்கியபோது நான் பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுபடி குற்றாலத்துக்குப் போய்விட்டேன்.

அந்த அம்மா மறு வருடம் ஐப்பசியில் இறந்துபோனதாக அண்ணாச்சி வந்து சொன்னார். கணவர் வந்து பதினோரு மாதம் கூடவே இருந்திருக்கிறார். அந்தப் பதினோரு மாதத்தை நினைத்தால் நான் செய்தது சரி என்று தோன்றும். இரண்டாவது பெண்ணை நினைத்தால் தோன்றாது.

அதற்கடுத்த சீசனில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் மழை வலுத்தது. கேமரா நனையாமல் இருக்க ஒரு சிப்ஸ் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினேன். எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றவர் என்னை உற்றுப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். கருத்த ஒல்லியான மனிதர். கரண்டியை வைத்துவிட்டு வந்தார்.

"நீங்கதான என் மக கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது?"

 இவரை நான் பார்த்ததே இல்லை. "என்னைய எப்படி..."

"பீரோக் கண்ணாடியில நீங்க தெரிவியள்லா. கேமராவோட, நடுநடுவுல மூஞ்சிய எடுத்துக் குனிஞ்சுகிட்டு. எத்தன தடவை பாத்திருப்பேன், உங்க மூஞ்சி எனக்கு மறக்குமா?"

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தாளில் சூடாகச் சிப்ஸ் அள்ளி என் கையில் வைத்தார். சட்டியைப் பார்க்கப் போனார், கிளறினார், திரும்பி வந்தார். உள்ளே ஒரு பெண் தலையைக் குனிந்து காய் சீவிக்கொண்டிருந்தாள். என் பார்வை போன இடத்தை அவர் கவனித்துவிட்டார்.

"சின்னவ. இன்னும் அமையல" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

 என்னென்னவோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். ஏன் அனுப்பினாய் என்று கேட்கலாம். நல்லது செய்தாய் என்று சொல்லலாம். 

"அந்த லைட்ட மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லிருக்கலாம்லா தம்பி" என்றார். "அவளுக்கு அந்தக் கண்ணு மூடாது. எவ்வளவு நேரம் அப்படியே முழிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா!"